பூ உத்தரவு

நாணல்மேட்டில் மழை பெய்தால் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர்தான் நனைவார்கள். மற்றப் பாதி மாரியம்மன் கோயில் மண்டபத்துக்குள் சம்மணம் போட்டு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்.

ஜீயபுரம் ஸ்டேஷனில் இறங்கி, வாழைத் தோப்புகளுக்கு நடுவே வாய்க்கால் கரையோடு நடந்தால் வருகிற ஊர். பள்ளிக்கூடத்துக்கென்று கட்டடம் கிடையாது, கோயில் முன்மண்டபம்தான். ஊர்ப் பிள்ளைகள் மண்டபத்துக்குள். கீழத்தெருப் பிள்ளைகள் வெளியே புங்கமரத்தடியில். கீழத்தெரு என்றால் சேரி. ஆபீசர்கள் வந்தால் மட்டும் நாட்டாண்மை வீரமலை அதை ‘அரிஜனத் தெரு’ என்பார், வாயில் வெல்லக்கட்டியை ஒதுக்கிக்கொண்டு பேசுகிறவரைப் போல.

ரங்கசாமி வாத்தியார் ஸ்ரீரங்கத்திலிருந்து ரயிலேறி வருகிறவர். நல்லவர். அவருடைய நல்லதனம் ஒன்றுக்கும் உதவாது. மண்டபப் படியில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, முகம் உள்ளேயும் முதுகு வெளியேயுமாக நின்று பாடம் சொல்வார். கீழத்தெருப் பிள்ளைகள் அவருடைய முதுகிடம்தான் படித்தார்கள். மழை வந்தால் ஒருதரம் திரும்பி, “நனையாதீங்கோடா” என்பார். பிறகு பழையபடி திரும்பிக்கொள்வார். மதியச் சாப்பாடு போட ஆரம்பித்த பிறகு, உள்ளே தட்டில் விழுந்தது. மரத்தடிக்கு இலையில், எட்ட நின்று விழுந்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் புரட்டாசி மழையில் புதிதாக வந்த பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டார். புங்கமரத்தடியில் காளியாயி என்கிற சின்னப் பெண் சிலேட்டைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எழுதினதெல்லாம் கரைந்து முகத்தில் வழிந்தது.

“ஐப்பசி பொறக்கறதுக்குள்ள எல்லாப் புள்ளைங்களும் மண்டபத்துக்குள்ள இருக்கணும். இல்லேன்னா ஸ்கூல வேற ஊருக்கு மாத்திடுவேன். சாப்பாட்டு அரிசியும் கூடவே போயிடும்” என்றார்.

அரிசி என்றதும் வீரமலை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். அந்த அரிசியில் பாதி யார் வீட்டுக் குதிருக்குப் போகிறது என்பது ஊருக்கே தெரியும்.

“எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லீங்க. நான் கதர் கட்டுறவன். ஆனா எடம் எங்களோடது இல்லியே, ஆத்தாளோடதாச்சே. அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம நாம எப்பிடிங்க?”

“ஸ்ரீரங்கத்துலயே எல்லாரும் உள்ள போய் பெருமாளைச் சேவிக்கறா. சட்டம் வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆயிடுத்து” என்று வாத்தியார் தூணைப் பார்த்துச் சொன்னார்.

“அவரு படுத்திருக்கற சாமி, வாத்யாரே. கண்ண மூடிட்டிருக்காரு. யாரு வந்தா யாரு போனான்னு தெரியாது. எங்காத்தா முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்கறவ.”

சுற்றி நின்ற நாலு பேர் சிரித்தார்கள். நாலு பேரும் வீரமலையிடம் குத்தகைக்கு உழுகிறவர்கள்.

பூக் கட்டிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப்பூ, ஒரு துண்டில் சிவப்புப்பூ வைத்து, அடையாளம் தெரியாமல் ஒரே மாதிரி பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். சிவப்பு வந்தால் கூடாது. அதற்குமேல் பேச்சு கிடையாது. இன்ஸ்பெக்டரும் தலையாட்டினார். தன் வீட்டுக் கல்யாணத்துக்கு அவரும் பூக் கட்டிப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். ஸ்கூலை மாற்றிவிடுவேன் என்று மிரட்டியவர், பூ என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மனைக் கும்பிட்டுப் போனார்.

பொட்டலம் கட்ட வேண்டியவர் கோயில் பூசாரி தங்கையப் பண்டாரம். மல்லிகையும் மருக்கொழுந்தும் போட்டு, விடிகாலைப் பாஸஞ்சரில் கூடைகளை ஏற்றி, ஸ்ரீரங்கத்துப் பூக்கடைகளுக்குக் கொடுப்பது அவர் பிழைப்பு. பெண்சாதி பொன்னுத்தாய். ஒரே பெண் வள்ளிக்கண்ணு, வயசு பதினாறு. ஆறு வயசிலிருந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீரில் ஊறிய வாழைநாரைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு பூத் தொடுக்கிறவள். இரண்டு பேர் கட்டினதையும் கலந்து வைத்தால் எது யாருடையது என்று பொன்னுத்தாயாலேயே சொல்ல முடியாது. குடியிருக்கிற வீடும், பூப் போட்டிருக்கிற நிலமும் கோயில் மானியம். அதாவது நாட்டாண்மை வாய் திறந்து ‘போ’ என்றால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பூக் கட்டிப் பார்ப்பதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை வள்ளிக்கண்ணு வீட்டுக்குத் தூரம். கொல்லையில் மாட்டுக்கொட்டகையை ஒட்டின சாய்ப்பில், ஒரு கோணிச்சாக்கில் உட்கார்ந்திருந்தாள். அம்மா கேப்பங்கூழை உயரத்திலிருந்து அவள் தட்டில் ஊற்றிவிட்டு, கோயில் மெழுகப் போயிருந்தாள். பூச்செடிப் பக்கம் போகக்கூடாது, பட்டுப்போகும். சாமி சாமானைத் தொடவே கூடாது, உடம்பெல்லாம் அம்மை முத்துப் போட்டுவிடும். மூன்று வருஷமாக மாசாமாசம் அம்மா சொல்லிச் சொல்லி அவளுக்குள் ஊறிப்போன பயம் அது.

வீரமலையும் அப்பாவும் கொல்லைக்கே வந்தார்கள். யாரும் பார்க்கக்கூடாத வேலைக்கு அதுதான் தோதான இடம். சாய்ப்பில் ஒரு பெண் இருப்பதை அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. தூரமானவளுக்குக் காதும் தூரமாகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

“ரெண்டுலயும் செவ்வரளிய வையி” என்றார் வீரமலை.

அப்பா கையில் இருந்த நந்தியாவட்டைப் பூ அப்படியே நின்றது. “ஐயா?”

“காது கேக்கலியா? ரெண்டுலயும் செவப்பு.”

“ஆத்தா விசயமுங்க ஐயா. ஏதாச்சும் ஏறுக்குமாறா...”

“என்ன ஏறுக்குமாறு? எம் பேத்தி செல்லக்கண்ணு எத எடுத்தாலும் செவப்பு வரும். ஆத்தா வேணான்னுட்டான்னு அந்தாளுக்கு எழுதிப் போட்டுடலாம். சாமி சமாசாரத்துல எந்த ஆபீசரும் கை வைக்க மாட்டான். அரிசியும் நிக்காது, அவனுங்களும் உள்ள வரமாட்டானுங்க.”

“அதில்லீங்க, இன்னொரு பொட்டலத்த யாராச்சும் பிரிச்சுப் பாத்துட்டா?”

“அதப் பிரிக்கறது வழக்கமாய்யா? வாய்க்கால்லதானே விடுவோம்? ஆத்தாவா எந்திரிச்சு வந்து பிரிச்சுப் பாக்கப் போறா? அவளுக்கு வேற வேல இல்ல?”

வீரமலை சிரித்தார். அப்பாவும் சிரித்தார். சாய்ப்பில் வள்ளிக்கண்ணு தலையை நிமிர்த்தினாள். மாரியம்மன் சன்னதியில் கற்பூரம் காட்டும்போது கண்ணில் தண்ணீர் வழிய நிற்கிற அப்பா. தீமிதியில் முதல் ஆளாக இறங்கி, ஊரே ‘ஓம் சக்தி’ போட நடந்துபோகிற வீரமலை. இவர்கள் இரண்டு பேருக்கும் ஆத்தாளிடம் பயமே இல்லை. பயமெல்லாம் தனக்கும் தன் அம்மாவுக்கும் மட்டும்தானா? தன்னை இத்தனை நாளும் எதைச் சொல்லி இந்தச் சாணி நாற்றத்தில் உட்காரவைத்தார்களோ, அதை அவர்களே நம்பவில்லை.

அப்பா கட்டினார். வீரமலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஒரு முடிச்சு விடாமல் பக்கத்திலேயே நின்று பார்த்தார். பித்தளைத் தட்டில் இரண்டு பொட்டலத்தையும் வைத்து, தட்டை ஜன்னல் மாடத்தில் வைத்துவிட்டு இருவரும் வாய்க்காலுக்குக் குளிக்கப் போனார்கள். பொய் சொல்லப் போகிறவர்களுக்குச் சுத்தம் முக்கியம்.

வீட்டில் யாரும் இல்லை. மழை பிசுபிசுவென்று பிடித்துக்கொண்டது. வள்ளிக்கண்ணு எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். கொல்லை மூலையில் நந்தியாவட்டை பூத்து நின்றது. அதைப் பறித்தபோது முதல் பூ விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. செடி பட்டுப்போகிறதா என்று கொஞ்சம் நின்று பார்த்தாள். செடி பாட்டுக்கு நனைந்துகொண்டு நின்றது.

முதலில் ஒரு பொட்டலத்தைத்தான் மாற்றினாள். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. அதுதான் நியாயம், மிச்சத்தை ஆத்தா பார்த்துக்கொள்ளட்டும். முடிச்சைப் போட்டுவிட்டுத் தட்டைப் பார்த்தபோது, காளியாயி சிலேட்டைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. அன்றைக்குக் கோயிலுக்குப் பூ கொண்டுபோன வள்ளிக்கண்ணு அதைக் கண்ணால் பார்த்தவள். இதில் ஆத்தாளைக் கேட்க என்ன இருக்கிறது? தன் பேத்தி மழையில் நனையலாமா கூடாதா என்று இந்த வீரமலை என்றைக்காவது பூக் கட்டிப் பார்த்திருக்கிறாரா? கேள்வியே அயோக்கியத்தனமாக இருக்கும்போது பதிலில் மட்டும் என்ன நியாயம்?

இரண்டாவதையும் பிரித்தாள்.

செவ்வரளியைக் குப்பைக்குழியில் சாணிக்கு அடியில் புதைத்தாள். மாட்டுப் பக்கம் போட முடியாது, அரளி மாட்டுக்கு ஆகாது. தட்டை இருந்த இடத்தில் இருந்தபடி வைத்தாள். சாக்குக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. தீட்டுக் கையால் சாமி பூவைக் கட்டியிருக்கிறாள். அதுவும் மாரியம்மனுக்கு.

“ஆத்தா, எனக்கு முத்துப் போட்டா போடு. கண்ண மட்டும் எடுத்துடாத. பூக் கட்டணும்” என்று முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னாள்.

கோயில் பக்கமிருந்து உடுக்கைச் சத்தம் கேட்டது. நின்றது. திடீரென்று குலவைச் சத்தம். பெண்கள் குலவை. அதற்கு மேல் ஆண்கள் குரல், ஒன்றும் புரியாத கூச்சல்.

முதலில் ஓடிவந்தது அம்மா. சாய்ப்புக்கு எட்ட நின்று மூச்சு வாங்கினாள்.

“வெள்ளடி! வெள்ளப் பூவு! செல்லக்கண்ணு எடுத்துக் குடுத்துச்சு, அப்பா பிரிச்சாரு. நாட்டாம மூஞ்சியப் பாக்கணுமே, பேயறஞ்ச மாரி ஆயிட்டாரு. அந்தப் பொட்டலத்தயும் பிரிங்கடான்னு கத்துறாரு. கடக்கார வெள்ளச்சாமி விடுவாரா? ‘அதென்ன புது வழக்கம்? அதுல செவப்பு இருக்கும், வேறென்ன இருக்கும்? பிரிச்சுப் பாத்து நீங்க என்ன தெரிஞ்சிக்கணும்’னு கேட்டாரு. மனுசன் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு எறங்கிட்டாரு.”

“அப்பா எங்கம்மா?”

“பின்னால வராரு. என்னமோ அவருக்கும் ஒடம்பு சரியில்லாத மாரி இருக்கு.”

அப்பா வந்தார். தட்டில், வாய்க்காலில் விடவேண்டிய அந்த இரண்டாவது பொட்டலம் ஆடிக்கொண்டே வந்தது. அவர் பின்னாலேயே வீரமலை. பொன்னுத்தாயை, “நீ உள்ள போம்மா” என்று துரத்திவிட்டு, கொல்லைக் கதவைச் சாத்தினார்.

“ஏன்டா மாத்துன?”

“ஐயா, சத்தியமா...”

“மானியம் போவட்டும், வீடு போவட்டும். உன்ன இந்த ஊர்லயே இருக்க விடமாட்டேன். எவங்கிட்டடா காசு வாங்குன? அந்த இன்ஸ்பெக்டருகிட்டயா?”

“ஆத்தா மேல ஆணையா, எம் பொண்ணு மேல ஆணையா நான் தொடலீங்க! நீங்கதான் பக்கத்துல நின்னீங்க. ரெண்டும் செவப்பு. உங்ககூடவே குளிச்சேன், உங்ககூடவே வந்தேன். எப்பிடிங்க வெள்ளயாச்சு?”

“பிரி. அதயும் பிரி. செவப்பு இருந்துச்சுன்னா ஒண்ண மட்டும் நீ மாத்திருக்கேன்னு அர்த்தம்.”

சாய்ப்பில் வள்ளிக்கண்ணு கோணிச்சாக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். நியாயமாகவே விட்டிருக்கலாம். இதோ இரண்டாவதும் வெள்ளையாக இருக்கப் போகிறது. வீடு போகும், நிலம் போகும், அப்பாவை மரத்தில் கட்டி அடிப்பார்கள். எல்லாம் இந்தக் கையால்.

அப்பாவால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. வீரமலையே பிடுங்கி, நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். இலை விரிந்தது.

உள்ளே வெள்ளை நந்தியாவட்டை.

“இதுவும்...” என்றார் வீரமலை.

அப்பா தட்டை அப்படியே போட்டுவிட்டுச் சேற்றில் விழுந்தார். “ஆத்தா! தாயே! ரெண்டயும் மாத்திட்டியா! பாவி நான் சிரிச்சேனே! பிரிச்சுப் பாப்பியான்னு சிரிச்சேனே!” என்று நெற்றியைத் தரையில் மோதினார். நடிக்கத் தெரிந்த மனுஷரில்லை அவர். அழுகையில் மூக்கு ஒழுகியது.

வீரமலை அவரை உற்றுப் பார்த்தார். அந்த உடம்பில் ஒரு துளி களவு இல்லை. ஒரு பொட்டலத்தில் சிவப்பு இருந்திருந்தால் பண்டாரத்தின் வேலை. தன் கண்ணெதிரே கட்டின இரண்டும் வெள்ளையாகிப் போனால்? எந்த மனுஷன் இரண்டையும் மாற்றுவான்?

“வீட்ல யாருய்யா இருந்தா?” கடைசியாக ஒருதரம் கேட்டார்.

“யாருமில்லீங்க. அவ கோயில் மொழுகப் போயிட்டா. இந்தப் புள்ளதான். இது தூரமுங்க.”

வீரமலை திரும்பினார். சாய்ப்பில் ஓர் ஆள் இருப்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. வள்ளிக்கண்ணு கைகளைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டாள். நகக்கண்ணில் நந்தியாவட்டைப் பால் ஒட்டியிருந்தது.

“சீ, தூரமான புள்ளயா தொடும்?” என்று அவரே பதில் சொல்லிக்கொண்டார். “தொட்டிருந்தா கை அழுகி விழுந்திருக்காது?”

இத்தனை நேரம் உதறிக்கொண்டிருந்த வள்ளிக்கண்ணுவுக்கு அந்த ஒரு நொடி சிரிப்பு வந்துவிட்டது. பயம் போகவில்லை. பயத்துக்கு நடுவிலேயே, கூழில் கல் கடிபட்ட மாதிரி ஒரு சிரிப்பு. முழங்காலைக் கடித்துக்கொண்டாள்.

வீரமலைக்கு அன்றைக்கே குளிர்காய்ச்சல் வந்தது. வேப்பிலை கட்டிக்கொண்டு படுத்தார். எழுந்தவர் வேறு ஆளாக எழுந்தார் என்று ஊர் பேசிக்கொண்டது. வேறு ஆளெல்லாம் இல்லை. பயந்த ஆள், அவ்வளவுதான். ஆனால் பயத்தையும் காசாக்கத் தெரிந்தவர். “ஆத்தா என் கனவுல வந்து சொன்னாய்யா, ‘வீரமலை, எல்லாம் எம் புள்ளைங்கதான்’னு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கதை சொல்ல ஆரம்பித்தார். தாம் பூவில் செய்த திருட்டைப் பற்றி அந்தக் கனவில் ஆத்தா ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது.

வள்ளிக்கண்ணு தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். தினமும் கிணற்றடியில் மேல்துணியை விலக்கி, கை கால் வயிறெல்லாம் முத்துக்குத் தேடினாள். ஒரு கொசுக்கடி தடித்திருந்ததைப் பார்த்து அன்றெல்லாம் சாப்பிடவில்லை. மறுநாள் அதுவும் அமுங்கிவிட்டது.

கீழத்தெருப் பிள்ளைகளை மண்டபத்தில் ஏற்றுகிற அன்று வீரமலை மாலையோடு வந்து படியில் நின்றார். வாத்தியார் தூணை விட்டுத் தள்ளி நின்றார். அதைவிடப் பெரிய வீரம் அவரிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. காளியாயியைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா பாப்பாயி வந்திருந்தாள். வீரமலையின் தோப்பில் வாழைக்கட்டை சுமக்கிறவள்.

“ஆத்தா உத்தரவு குடுத்துட்டா பாப்பாயி. கும்பிட்டுக்கிட்டுப் புள்ளய உள்ள அனுப்பு” என்றார் வீரமலை, தன் சொத்தில் பங்கு பிரித்துக் கொடுக்கிறவரைப் போல.

பாப்பாயி கும்பிடவில்லை. முந்தானையால் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

“இம்புட்டு நாளா ஆத்தா என்னங்க சாமி பண்ணிக்கிட்டிருந்தாங்க? எம் பெரியவன் இந்த மரத்தடியிலதான் நனஞ்சான். மாருல சளி கட்டி, படிச்சது போதும்னு நின்னுட்டான். அவனுக்கு எந்தப் பூவக் கட்டிப் பாக்கறது?”

போன மாசம் இப்படிப் பேசியிருந்தால் அவள் முதுகு பிய்ந்திருக்கும். வீரமலை கருவறைப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார். “சரி சரி, நல்ல நேரம் போவுது” என்றார்.

காளியாயி படி ஏறினாள். ஏறினவள் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, வாத்தியாரின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். இவ்வளவு கிட்டத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை.

தை முடிகிற சமயம் வீரமலை பண்டாரத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றார். வழக்கமாக வாசலிலிருந்தே அதட்டுகிறவர், செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே வந்தார்.

“தங்கையா, ஒரு பூக் கட்டணும்யா.”

வள்ளிக்கண்ணு கூடத்தில் மருக்கொழுந்து தொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா பாயிலிருந்து துள்ளி எழுந்தார்.

“எதுக்குங்க?”

“கீழத்தெரு ஆளுங்க கேக்கறானுங்க. மாசித் திருவிழாவுக்கு அவனுங்களும் உள்ள வந்து பொங்க வைக்கணுமாம். புள்ளைங்க வரலாம்னா பெத்தவங்க ஏன் வரக்கூடாதுன்னு அந்தப் பாப்பாயி கேக்கறா. ஊர்ல பாதிப் பேரு வெட்டுவேன் குத்துவேங்கறான். நான் என்ன சொல்றது? வாண்டாம்னு சொல்ல வாய் வரல. சரின்னு சொன்னா என்னயவே வெட்டுவானுங்க. ஆத்தா வாயாலயே வரட்டும்.”

“நான் தொடமாட்டேங்க ஐயா” என்றார் அப்பா. கையெடுத்துக் கும்பிட்டார். “அன்னிக்கிலேர்ந்து பொட்டலம்னாலே கை ஒதறுது. என்ன விட்டுடுங்க.”

“அப்பறம் யாருதான் கட்டறது?”

“எம் பொண்ணு கட்டட்டும். நல்லா கட்டுவா. சுத்தமான கை.”

வீரமலை வள்ளிக்கண்ணுவைப் பார்த்தார். மரியாதையாகப் பார்த்தார். “தாயி, தலைக்கு ஊத்திக்கிட்டு, ஈரத்துணியோட கட்டு. எந்தக் கெட்ட எண்ணமும் வச்சுக்காத.”

“எதெது எப்பிடி வைக்கணும்னு சொல்லிடுங்க ஐயா” என்றாள் வள்ளிக்கண்ணு. குரல் தானாகவே பணிவாக வந்தது.

“அய்யய்யோ! நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்” என்று வீரமலை இரண்டடி பின்னால் போனார். “நான் இங்க நிக்கவே இல்ல. நீயாச்சு, ஆத்தாளாச்சு. எனக்கு உசுரு வேணும்.”

அவர் போன பிறகு, அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார், எதையும் பார்த்துவிடக்கூடாது என்று. வள்ளிக்கண்ணு கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தாள். இந்தத் தடவை பிடிபட்டால் வீடும் நிலமும் மட்டும் போகாது. ஊரே அரிவாளோடு நிற்கிறது.

செவ்வரளி அந்த வருஷம் கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடந்தது. அவள் அதைத் தாண்டிப் போனாள்.